இருபது கிராம் பொய்

கோயில் வாசலில் நின்று பகுத்தறிவு பேசுவது தமிழ்நாட்டில் இப்போது பெரிய துணிச்சல் இல்லை. மூன்று தலைமுறையாகப் பேசிப் பழகிவிட்டோம். மெடிக்கல் கடை வாசலில் நின்று பேசிப் பாருங்கள். கறுப்புச் சட்டை போட்டவரும் நெற்றி நிறையத் திருநீறு பூசியவரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். "மூஞ்சிக்குப் போடுற அந்த ஆயின்மென்ட் ஒண்ணு குடுங்க" என்கிறார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். என்ன நோய், என்ன மருந்து, யார் எழுதிக் கொடுத்தது, எத்தனை நாள் போட வேண்டும் என்று எந்தப் பக்கமும் ஒரு கேள்வி இல்லை. கேள்வி கேட்காமல் கைநீட்டி வாங்கி நெற்றியில் பூசிக்கொள்வதைத்தானே இத்தனை காலம் மூடநம்பிக்கை என்று சொல்லிவந்தோம்? அந்த இருபது கிராம் டியூபை வாங்கிக் கன்னத்தில் பூசுவதை வேறு என்னவென்று சொல்வது?

முள்ளுக்குறிச்சியை வைத்துப் பேசுகிறேன். ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை தாண்டிப் போனால், கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். சுற்றுலா வருகிறவர்கள் காரவள்ளி வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே மலையேறுவார்கள். இந்தப் பக்கமிருந்தும் மலைக்குச் சாலை உண்டு. கீழே குச்சிக்கிழங்கும் மஞ்சளும் பாக்கும், மேலே மிளகும் காப்பியும் அன்னாசியும் விளைகிற பூமி. வெயிலில் நின்றால்தான் கூலி.

எனக்கு அக்கா முறையாகும் ஒருவர் இங்கே வாக்கப்பட்டவர். நாற்பதைத் தாண்டிய வயது. கிழங்குக் காட்டில் களை எடுப்பது, மஞ்சள் வேக வைக்கிற இடத்தில் கூலிக்குப் போவது, இரண்டு மாடு. கன்னமும் மூக்கும் சிவக்க ஆரம்பித்ததைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "மொதல்ல சும்மா செவந்துச்சு தம்பி. வெயிலுன்னு விட்டுட்டேன். அப்புறம் பொரிப்பொரியா வந்து எரிய ஆரம்பிச்சுருச்சு. அடுப்புகிட்ட நின்னா ஏறும், யார்கிட்டயாச்சும் சத்தம் போட்டா ஏறும். ரெண்டு வாரம் கழிச்சு அதுவாவே எறங்கும்."

அதுவாகவே இறங்கும் என்று அவர் சொன்னதை நினைவில் வைத்திருங்கள். இந்தக் கட்டுரையின் வழக்கு முழுவதும் அந்தச் சொல்லில்தான் நிற்கிறது.

ஊர் அவருக்கு வைத்தியம் பார்த்தது. உடம்புச் சூடு என்றார்கள். கண்ணு பட்டிருக்கிறது என்றார்கள். மாமியார் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். ஒருவர் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டித் தேய்க்கச் சொன்னார். புண்ணான தோலில் எலுமிச்சைச் சாறு! பூசாரி கயிறு கட்டினார். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, தக்காளி ஆகாது என்று பத்தியம் நீண்டுகொண்டே போனது. உறவுக்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் விற்கும் 'கொல்லிமலை மூலிகை' எண்ணெய் பாட்டிலோடு வந்தார். கொல்லிமலையைத் தினமும் கண்ணால் பார்க்கிற ஊருக்கு, கொல்லிமலைப் பெயர் ஒட்டிய பாட்டில் வெளியூரிலிருந்து வந்தது. கடைசியாக மெடிக்கல் கடை.

"மூணே நாள்ல பளிச்சுனு ஆயிருச்சு" என்றார் அக்கா. இரண்டு வருடம் அந்த டியூபை விடாமல் வாங்கியிருக்கிறார். நான் பார்த்தபோது முகம் பழைய சிவப்பைவிடக் கூடுதலாகச் சிவந்து, கன்னத்தில் நூல் நூலாக இரத்தக் குழாய்கள் தெரிந்தன. தாடையோரம் முடி வளர்ந்திருந்தது. "போடாட்டி எரியுது. போட்டாலும் இப்ப எரியுது" என்றார்.

டியூபை வாங்கிப் பார்த்தேன். வாலை மடித்து மடித்துக் கடைசிப் பொட்டுவரை பிழிந்திருந்தார். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. அதன் அருகில் பொடி எழுத்தில் மூன்று மருந்துகளின் பெயர்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். அதற்கும் கீழே கட்டம் கட்டி, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை. எல்லாம் ஆங்கிலத்தில். அக்கா எட்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர். சட்டம் தன் கடமையை அந்தப் பொடி எழுத்தில் முடித்துக்கொண்டுவிட்டது. எச்சரிக்கப்பட வேண்டியவருக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

முதல் மருந்து நிறத்தைக் குறைப்பது. இரண்டாவது மேல்தோலை உரிக்கத் தூண்டுவது. மூன்றாவது ஸ்டீராய்டு. இந்த வகைக் கூட்டு மருந்துக்கு 1975-இல் அமெரிக்காவில் கிளிக்மனும் வில்லிஸும் வழி காட்டினார்கள். அதன் நோக்கம் மங்கு போன்ற கருமைக்கு, மருத்துவர் கண்காணிப்பில், குறைந்த காலத்துக்குப் பூசுவது. நம் ஊரில் அதுவே பருவுக்கும் படைக்கும் பெண் பார்க்க வருகிற நாளுக்கும் பொதுக் களிம்பாகிவிட்டது.

ஸ்டீராய்டை நான் பழிக்கவில்லை. 1952-இல் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்டிசோன் களிம்பின் பயனைக் காட்டியபோது தோல் மருத்துவம் புதுப் பாதையில் திரும்பியது. கரப்பானால் இரவெல்லாம் சொறிந்து அழும் குழந்தை இன்று தூங்குகிறது என்றால் அந்த மருந்தும் ஒரு காரணம். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் 'மூணு நாள் பளிச்'சின் இரகசியம் உடைந்துபோகும். 1962-இல் மெக்கன்சியும் ஸ்டௌட்டனும் ஸ்டீராய்டுகளின் வலுவை ஒப்பிட ஒரு முறையை வெளியிட்டார்கள். மருந்தை ஆரோக்கியமான தோலில் தடவி, அந்த இடம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. ஸ்டீராய்டு இரத்தக் குழாயைச் சுருக்கும். சுருங்கினால் தோல் வெளுக்கும். நோயே இல்லாத தோலிலும் வெளுக்கும்! அந்த வெளுப்புதான் மருந்தின் அளவுகோல். கண்ணாடியில் பார்த்து நம் வீட்டுப் பெண் மகிழ்ந்தாளே, அது இந்த வெளுப்பு. நோய் அடியில் அப்படியே இருந்தது.

மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலியும். சுருங்கிச் சுருங்கி விரிந்த குழாய்கள் பிறகு நிரந்தரமாக விரிந்தே நிற்கும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் கொப்புளமுமாக முகம் கொந்தளிக்கும். அந்தக் கொந்தளிப்பைப் பார்த்துப் பயந்து மறுபடி பூசுவார்கள், பூசினால் அடங்கும். அடங்கியதால் அதுதான் சரியான மருந்து என்ற நம்பிக்கை இன்னும் உறுதியாகும். நோயை வளர்க்கிற பொருளே நோயைத் தீர்ப்பதாகக் காட்சி தருகிறது. எந்தச் சாமியாருக்கும் இப்படி ஒரு வித்தை வாய்த்ததில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தி இல்லை. முகம் சிவக்கும் ரோசேசியா நோயில் வலுவான ஸ்டீராய்டு களிம்புகள் செய்யும் கேட்டை, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர மருத்துவர் இயன் ஸ்னெடன் 1969-இல் எழுதினார். 1974-இல் அமெரிக்க மருத்துவர்கள் 'ஸ்டீராய்டு ரோசேசியா' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். இந்தியாவில் பூசும் ஸ்டீராய்டுகளுக்கு மருந்துச் சட்டத்தின் எச் அட்டவணையில் விதிவிலக்கு இருந்தது. தோல் மருத்துவர் சங்கம் விடாமல் போராடிய பிறகு, 2018 மார்ச்சில்தான் 14 ஸ்டீராய்டு களிம்புகள் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை ஆயின. ஸ்னெடன் எச்சரித்து 49 ஆண்டுகள். இடையில் இரண்டு தலைமுறைப் பெண்களின் முகம் போனது.

போனது என்று மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்தியாவில் பல மையங்களில் முகத்தோல் நோயோடு வந்தவர்களைச் சோதித்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 392 பேருக்குக் கேடு விளைந்திருந்தது. 257 பேருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே இல்லை. வலு அதிகமான களிம்புகள் நகரத்தைவிடக் கிராமத்திலும் புறநகரிலும் கூடுதலாகப் புழங்கின. மருத்துவர்களும் தப்ப முடியாது. 176 பேருக்கு மருத்துவரே எழுதிக் கொடுத்திருந்தார். அதில் 146 சீட்டுகள் முறையின்றித் திரும்பத் திரும்பப் பயன்பட்டிருந்தன. ஒரு தடவை எழுதிய சீட்டு, எத்தனை நாள் என்று வாய்விட்டுச் சொல்லாததால், ஆயுள்சந்தா ஆகிவிட்டது. கொல்கத்தா மருத்துவர்கள் கௌசிக் லாகிரியும் அரிஜித் குண்டுவும் ஸ்டீராய்டால் கெட்டுப்போன முகத்தைத் தனி நோய்நிலையாகவே அடையாளம் காட்டவேண்டி வந்தது. ஒரு நாட்டின் கடைப்பழக்கத்தால் ஒரு நோய் பிறந்திருக்கிறது.

இப்போது அக்கா சொன்னதற்கு வருகிறேன். 'அதுவாகவே இறங்கும்.' அவருக்கு வந்தது ரோசேசியாதான். அது ஏறி இறங்கும் நோய். சில வாரம் கொழுந்துவிடும், பிறகு தணியும், மறுபடி கிளம்பும். ஏறி இறங்குகிற நோய்தான் ஏமாற்றுகிறவர்களுக்குப் பெரிய வரம். நோயாளி எப்போது மருந்து தேடுவார்? மிக மோசமாக இருக்கும்போது. மிக மோசமான நிலைக்குப் பிறகு வருவது பெரும்பாலும் தணிவுதான். அந்தச் சமயத்தில் கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்குப் புகழ். வேப்பிலை அரைத்திருந்தால் மாரியம்மனுக்கு. எண்ணெய் பூசியிருந்தால் மூலிகைக்கு. பொய் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை. எல்லாரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். "எனக்கு நல்லாச்சு" என்ற நேர்மையான சாட்சியம் எதையும் நிரூபிக்காது என்று ஏற்றுக்கொள்வதுதான் பகுத்தறிவில் ஆகக் கடினமான இடம். சாமியாரைக் கேலி செய்வதைவிட இது பல மடங்கு கடினம், ஏனென்றால் சாட்சி சொல்கிறவர் நம் அம்மாவாக இருப்பார்.

ஐவர்மெக்டின் களிம்பை ரோசேசியாவுக்குச் சோதித்த இரண்டு ஆய்வுகள் 2014-இல் வெளியாயின. ஒவ்வொன்றிலும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள். ஒரு பகுதியினருக்கு மருந்துக் களிம்பு; மற்றவர்களுக்கு மருந்து சேர்க்காத அதே களிம்பு. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு வாரம் கழித்து, மருந்து பூசியவர்களில் முதல் ஆய்வில் 38.4 சதவீதம், இரண்டாவதில் 40.1 சதவீதம் பேருக்கு முகம் தெளிந்தது, அல்லது ஏறக்குறையத் தெளிந்தது. வெறும் களிம்பு பூசியவர்களில்? 11.6 சதவீதம், 18.8 சதவீதம். மருந்தே இல்லாத களிம்பால் நூற்றில் பத்துப் பதினெட்டுப் பேருக்கு முகம் தெளிந்திருக்கிறது! அந்தக் களிம்பை ஒருவர் பஸ் ஸ்டாண்டில் விற்றிருந்தால், நூறு பேரில் அந்தப் பத்துப் பேரும் அவருடைய புகைப்பட விளம்பரத்தில் இருந்திருப்பார்கள். மீதித் தொண்ணூறு பேரைப் பற்றி யார் பேசுவார்கள்? வெறும் களிம்போடு வைத்துப் பார்த்ததால்தான் மருந்தின் உண்மையான பங்கு எவ்வளவு என்று தெரிந்தது. அந்த ஒப்பீட்டைத் தாங்க மறுக்கிற எந்த வைத்தியமும், அலோபதியானாலும் சித்தாவானாலும், என் நம்பிக்கையைக் கேட்க உரிமை இல்லாதது.

மூலிகையைக் கேலி செய்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2015-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு மூன்று பேருக்குப் பகிர்ந்து வழங்கப்பட்டது. ஜப்பான் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரை சதோஷி ஓமுரா வளர்த்தெடுக்க, அதிலிருந்து வில்லியம் கேம்பெல் வழியாக வந்தது ஐவர்மெக்டின். அதே பரிசின் மறுபாதி சீனாவின் து யூயூவுக்கு. பழைய வைத்திய நூலில் இருந்த ஒரு செடியிலிருந்து மலேரியா மருந்து எடுத்தவர். மண்ணுக்கும் மூலிகைக்கும் ஒரே மேடையில் மரியாதை கிடைத்தது. சோதனையில் நின்றதால் கிடைத்தது. கொல்லிமலையில் நல்ல மருந்துச் செடி இருக்கலாம். கோரக்கர் குகையைக் காட்டுவதால் அது மருந்தாகிவிடாது, சோதித்தால் ஆகும். அதோடு, மூலிகை என்று ஒட்டிய டப்பாவில் மூலிகைதான் இருக்கிறதா என்ற கேள்வியும் இருக்கிறது. லண்டனில் தோல் நோய்க்குக் கொடுக்கப்பட்ட சீன மூலிகைக் களிம்புகள் பதினொன்றைச் சோதித்து 1999-இல் வெளியிட்டார்கள். எட்டில் டெக்சாமெத்தசோன் இருந்தது. அதுவும் ஸ்டீராய்டு. கேரளத்தில் சிறுநீரக நோயோடு வந்த சிலரின் கதை முகத்தை வெளுக்க வைக்கும் களிம்புகளில் இருந்த பாதரசத்தில் போய் முடிந்ததும் அண்மையில்தான். மலையின் பெயரை விற்று யாரோ சம்பாதிக்கிறார்கள். அந்த மலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்களோ காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் மலையிறங்கி அலைகிறார்கள். சித்தர் பூமி என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

சரி, எதுதான் உதவும்?

ரோசேசியாவை அடியோடு ஒழிக்க இன்று மருந்து இல்லை. அடக்கி வைக்க உண்டு. இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லும் மருத்துவரை நம்பலாம். கடைசியில் மருத்துவரிடம் போன அக்காவுக்கு இது முதலில் பெரிய ஏமாற்றமாக இருந்தது. "அப்ப எதுக்குக் காசு செலவு பண்ணி வந்தேன்?" என்று கேட்டுவிட்டார். அவருடைய மாமியாருக்குச் சர்க்கரை. பதினைந்து வருடமாக மாத்திரை. எப்போது குணமாகும் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. சர்க்கரை இரத்தத்தில் இருக்கிறது, முகம் ஊர்ப் பார்வையில் இருக்கிறது. ஊர் பார்க்கிற நோய்க்கு மட்டும் நமக்கு அற்புதம் தேவைப்படுகிறது.

மெட்ரோனிடசோல் என்று வயிற்றுப்போக்குக்கு மாத்திரை விழுங்குகிறோமே, அதே மருந்து களிம்பாக வருகிறது. கோதுமை, பார்லியில் இயற்கையாக இருக்கிற அசெலாயிக் அமிலம் களிம்பாக வருகிறது. ஐவர்மெக்டினைச் சொன்னேன், முகத்தோலில் எல்லாருக்கும் வாழ்கிற, ரோசேசியாக்காரர்களிடம் கூடுதலாக இருக்கிற நுண்ணிய உண்ணிகளையும் அழற்சியையும் அது குறைக்கிறது. பொரிகள் அதிகமானால் டாக்சிசைக்ளின் குறைந்த அளவில், கிருமியைக் கொல்ல அல்ல, அழற்சியைத் தணிக்க. கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. 106 சோதனைகளையும் 13,631 நோயாளிகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் ஆய்வு 2015-இல் வந்தது. இந்த மருந்துகளுக்கு ஆதாரம் இருக்கிறது என்று அது சொல்கிறது. நிரந்தரமாக விரிந்துவிட்ட குழாய்களைக் களிம்பு ஒன்றும் செய்யாது. அதற்கு லேசர், அது பணக்கார வைத்தியம். இதை மறைத்து ஆறு மாதம் களிம்பு விற்பதும் ஏமாற்றுதான். அக்கா போன்றவர்களுக்கு முதல் வேலை ஸ்டீராய்டை விடுவது. அதைத் தானாகச் சட்டென்று நிறுத்தினால் முகம் கொந்தளித்து மறுபடி கடைக்கே ஓட வைக்கும். மருத்துவர் துணையோடுதான் விட வேண்டும். அந்த வாரங்களில் அக்கா பட்ட எரிச்சலைப் பார்த்தேன். ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

அப்போது மருத்துவர் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார். முகம் ஏறுகிற நாளில் என்ன செய்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதி வாருங்கள். மகனின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அக்கா எழுதினார். அந்த நோட்டை நான் வாங்கிப் படித்தேன். 'மஞ்ச வேக வச்சது. ரொம்ப எரிச்சல்.' 'களை, உச்சி வெயில். செவப்பு.' 'சுடு டீ.' 'மாமியாரோட சண்டை. ராத்திரி வரைக்கும் எரிச்சல்.' நாலாவது பக்கத்தில்: 'கத்திரிக்கா கொழம்பு. ஒண்ணும் இல்ல.' அடுத்த வாரம் மறுபடி கத்தரிக்காய், மறுபடி ஒன்றும் இல்லை. அதற்கடுத்து கருவாடு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவரே சோதித்திருக்கிறார். ஒரு தடவையில் நம்பாமல் திருப்பிச் சோதித்திருக்கிறார். டீயை ஆற வைத்துக் குடித்துப் பார்த்து, ஆறிய டீ ஒத்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறார். 1981-இல் ஜோனதன் வில்கின் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டதும் இதுதான்: முகத்தைச் சிவக்க வைத்தது காப்பியில் இருந்த கஃபீன் இல்லை, பானத்தின் சூடு. பிறகு 2018-இல் அமெரிக்கச் செவிலியர் 82,737 பேரின் தகவலை ஆராய்ந்தபோது, அதிகம் காப்பி குடித்தவர்களுக்கு ரோசேசியா குறைவாகவே வந்திருந்தது. கொல்லிமலைக் காப்பியை ஆற்றிக் குடிக்கத் தடையில்லை. எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண் ஒரு பழைய நோட்டில் ஊரின் பத்தியப் பட்டியலை உடைத்துவிட்டார். இந்த மாநிலத்தில் நான் பார்த்த சிறந்த பகுத்தறிவு ஏடுகளில் அது ஒன்று.

அவர் இப்போது அகலமான ஓலைத் தொப்பியும் துண்டுமாகக் காட்டுக்குப் போகிறார். களையை விடியலில் எடுத்துவிடுகிறார். மஞ்சள் வேக வைக்கும் வேலையை விட்டுவிட்டார். அதனால் வருமானம் குறைந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 'வெயிலைத் தவிருங்கள்' என்று எழுதுவது எளிது. அந்த அறிவுரைக்குக் கூலிக்காரர்கள் கொடுக்கிற விலையை எந்தச் சீட்டும் எழுதுவதில்லை.

கறுப்புச் சட்டைக்காரர்களிடம் எனக்கு ஒரு நேரடிக் கேள்வி இருக்கிறது. ஜாதகம் பார்க்காமல் மகளுக்குக் கல்யாணம் பேசுகிறீர்கள், தாலி இல்லாமலும் நடத்துகிறீர்கள். பெருமைப்படுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் வரும் முன் அவளுக்கு முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்? வெளுத்த தோல் உயர்ந்தது என்பது கிரகங்களைவிடவா ஆதாரம் உள்ள நம்பிக்கை? வருணத்தை எதிர்த்த இயக்கத்தின் வீட்டில், முகத்தின் நிறத்துக்கு மட்டும் எப்படி வருணம் தங்கியது? 1975-இல் சந்தைக்கு வந்த ஒரு முகக் களிம்பு, 45 ஆண்டுகள் கழித்து 2020-இல்தான் தன் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை நீக்கியது. பெயர் மாறியது, பெண் பார்க்கும் கூடத்தில் என்ன மாறியது? அந்த ஆசை இல்லாவிட்டால் இந்த டியூபுக்கு இவ்வளவு சந்தை இருந்திருக்காது. அக்கா முகச் சிவப்பு தணியத்தான் வாங்க ஆரம்பித்தார். இரண்டு வருடம் விடாமல் வாங்க வைத்தது, "கலர் குடுத்திருக்கு கண்ணு" என்று ஊர் சொன்ன பாராட்டு.

இதே நோய் ஆணுக்கு வந்தால் வேறு தண்டனை. மூக்கு சிவந்து தடித்தால் குடிகாரன் என்று முடிவு கட்டுகிறோம். மது சிலருக்குச் சிவப்பைக் கிளப்பும், உண்மை. ஆனால் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவருக்கும் ரோசேசியா வருகிறது. ஆதாரம் இல்லாமல் ஒருவனை ஒழுக்கங்கெட்டவன் என்று சொல்வது, மூக்கைப் பார்த்துச் சாதகம் சொல்வதற்குச் சமம்.

மருத்துவ உலகிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. இந்த நோயை வெள்ளைக்காரர் நோய் என்றே நெடுங்காலம் பாடம் நடத்தினார்கள். பாடப் படங்கள் வெளிர் முகங்களில் எடுத்தவை. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது செம்பழுப்பாக, மங்கலாகத் தெரியும். பல பேருக்கு நிறத்தைவிட எரிச்சல்தான் முதல் அறிகுறி. கண்ணால் மட்டும் பார்த்தால் பருவென்று போய்விடும். "எரியுதா, வெயிலில் ஏறுதா, கண் உறுத்துதா?" என்று வாயால் கேட்டால் பிடிபடும். கண்ணிலும் இந்த நோய் வரும் என்பதால் கடைசிக் கேள்வி முக்கியம். ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்காக முள்ளுக்குறிச்சியிலிருந்து ஒருவர் ஒருநாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்துவிட்டது, நல்லது. மெடிக்கல் கடை அதற்கு முன்பே பஸ் ஸ்டாப்பில் இருந்தது, இரவு ஒன்பது மணிவரை திறந்திருந்தது, அக்காவை உட்கார வைத்துப் பேசியது. அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு, அவரை அறியாமைக்காரி என்று திட்டுகிறவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற திட்டத்தை 2021-இல் தொடங்கிக் காட்டிய மாநிலம் இது. வருகிற செவிலியர், "முகத்துக்கு என்ன போடுறீங்கக்கா?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க முடியாதா? டியூபின் எச்சரிக்கையைத் தமிழில் அச்சிடக் கோரி ஒரு மனு போட முடியாதா?

மேடை போட்டுச் சாமியாரைத் திட்டுகிற கூட்டத்தை ஓர் ஆண்டு தள்ளிவைப்போம். ஊரில் ஒரு மருத்துவரையோ மருந்தாளுநரையோ உட்கார வைத்து, வீட்டில் இருக்கிற களிம்பு டியூப்களை எல்லாம் எடுத்துவரச் சொல்லுவோம். ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் உரக்கப் படித்துக் காட்டுவோம். எதைத் தூக்கிப் போடலாம், எதைச் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி அனுப்புவோம். ஆடி பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு மலைக்குக் கூட்டம் ஏறும். முள்ளுக்குறிச்சியில் அன்றைக்கே தொடங்கலாம். அக்கா தன் நோட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.